ஐந்து தலையணைப் படம்

என் பதவியின் முழுப் பெயரை என் மனைவி வினோதினியால் ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததே இல்லை. ‘திருவண்ணாமலை வட்டாரத் திரையரங்கு உரிமையாளர் மற்றும் கேபிள் ஒளிபரப்பாளர் கூட்டுச் சங்கத்தின் அங்கீகரிக்கப்பட்ட தூக்கத் தர மதிப்பீட்டாளர் (தற்காலிகம்)’. கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கிறதே ஒரு சொல், அதை எடுப்பதற்காக நான் பதினோரு மாதம் தூங்கினேன். சும்மா இல்லை, உழைத்துத் தூங்கினேன்.

அதற்கு முன்னால் நான் சினிமா விமர்சகன். கீழ்பென்னாத்தூரில் அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லையை விட்டுவிட்டு, ‘வலம் விஷன்’ என்ற உள்ளூர் கேபிள் டிவியில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஏழு மணிக்கு, ஜவுளிக்கடை விளம்பரத்துக்கும் காணாமல் போனவர் அறிவிப்புக்கும் நடுவில் என் முகம் வரும். படம் நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். இல்லாவிட்டால் இல்லை என்பேன். இவ்வளவுதான் கொள்கை. இதில் என்ன கஷ்டம் வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன்.

கஷ்டம் 1998 சித்திரை மாதம் வந்தது. சக்கரவர்த்தி டாக்கீஸில் ஒரு படம் போட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். “இடைவேளைக்கு முன்னால் இரண்டு முறை தூங்கினேன், பின்னால் ஒரு முறை தூங்கினேன். எழுந்து பார்த்தபோதெல்லாம் கதை நான் விட்ட இடத்திலேயே எனக்காகக் காத்திருந்தது” என்று டிவியில் சொன்னேன். மூன்றாம் நாள் தியேட்டர் முதலாளி சக்கரவர்த்தி நேராக ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். ஆள் வாட்டசாட்டமானவர். நான் கேமரா ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் கையில் கட்டை இல்லை, ரோஜா மாலை இருந்தது.

“வளவா! கையக் குடுப்பா. பௌர்ணமிக்கு மறுநாள் காலக் காட்சி ஹவுஸ்ஃபுல். கிரிவலம் முடிச்சிட்டு வந்த ஜனம் மொத்தமும் ‘டிவில சொன்னாங்களே, தூக்கம் வர படம், அது எந்தக் கொட்டாயிலங்க?’னு கேட்டுக்கினு வருது!”

இதை நான் யோசிக்கவே இல்லை. பதினாலு கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து முடித்தவனுக்கு விடியும்போது வேண்டியது என்ன? உட்கார ஓர் இடம், மேலே ஃபேன், கண்ணை உறுத்தாத இருட்டு. லாட்ஜில் இடம் கிடையாது, பஸ்ஸில் நிற்கக்கூட முடியாது. சினிமாக் கொட்டாயில் டிக்கெட் எடுத்தால் மூன்று மணி நேரம் யாரும் எழுப்பமாட்டார்கள். ஆனால் திரையில் ஓடுகிற சனியன் சும்மா இருக்க வேண்டுமே! துப்பாக்கியும் வெடிகுண்டும் வெடித்துக்கொண்டே இருந்தால் எப்படித் தூங்குவது?

வந்தது வினை. எதிர்த்தெருக் கொட்டாயில் ஓடிய சண்டைப் படத்தை நான் ‘கண்ணை மூடவிடாத விறுவிறுப்பு’ என்று மனசாரப் புகழ்ந்திருந்தேன். அந்தப் பௌர்ணமிக்கு அங்கே ஈ, காக்கை இல்லை. பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டான் என்று அந்த முதலாளி சங்கத்தில் புகார் கொடுத்தார். சங்கம் உடனே ஒரு குழு போட்டது. சங்கத்துக்குப் பசி வந்தாலும் குழுதான், ஏப்பம் வந்தாலும் குழுதான்.

தூக்கத் தர நிர்ணயக் குழுவின் துவக்க விழாவில் சங்கத் தலைவர் பரசுராமன் பேசியதை நான் முழுசாகக் கேட்டேன். கேட்காமல் இருக்க வழி இல்லை, மேடையில் உட்கார வைத்திருந்தார்கள்.

“பெரியோர்களே! விமர்சனம்னா இன்னா? ஒருத்தன் படத்தப் பாக்கறான், அவனுக்குத் தோணினத சொல்றான். இத்தினி வருஷமா இத நாம கேள்வி கேக்காம உட்டுட்டோம். அவனுக்குத் தோணினா போதுமா? சங்கத்துக்குத் தோண வேணாமா? நான் பதினோரு வருஷமா தலைவர். இந்தப் பதினோரு வருஷத்துல எந்தக் கொட்டாயிலயும், எந்தப் படத்தயும் நான் முழுசா பார்த்தது கிடையாது. பாத்துட்டா ஒண்ணு பிடிச்சிடும், ஒண்ணு பிடிக்காம பூடும். அப்புறம் நடுநிலைமை எப்படிங்க இருக்கும்?”

பலத்த கைதட்டல். எனக்கு ஒரு துண்டு போர்த்தி, தற்காலிக மதிப்பீட்டாளர் என்று அறிவித்தார்கள். பதினோரு மாதம் புகார் இல்லாமல் வேலை பார்த்தால் பொதுக்குழுவில் நிரந்தரம் ஆக்குவதாகவும் சொன்னார்கள். வாழ்க்கையில் அதுவரை எதிலுமே நான் நிரந்தரமாக இருந்ததில்லை. மாமனார் வீட்டில் “மாப்ள இன்னா வேல பாக்கறாரு?” என்று யாராவது கேட்டால் வினோதினி சட்டென்று அடுப்படிக்குள் போய்விடுவாள். எனவே சரி என்று தலையாட்டினேன். அங்கேதான் நான் முதன்முதலாகக் கண்ணை மூடியது.

விதிமுறைகள் இருபத்திரண்டு பக்கம். படத்தை ஊருக்குக் காட்டும் முன் காலிக் கொட்டாயில் மதிப்பீட்டாளருக்குப் போட வேண்டும், அவர் நடு வரிசையில் உட்கார வேண்டும். பின் இருக்கையில் சாட்சி உட்கார வேண்டும். சாட்சி தருமன், சக்கரவர்த்தி டாக்கீஸில் டிக்கெட் கிழிக்கிறவன். அவன் கையில் ஒரு ஸ்டாப் வாட்ச், பள்ளிக்கூட டிரில் மாஸ்டரிடம் இரவல் வாங்கியது. என் தலை சாய்ந்த நேரம், வாய் திறந்த நேரம், குறட்டை தொடங்கிய நேரம் மூன்றையும் அவன் குறிக்க வேண்டும். பத்து நிமிஷத்துக்குள் தலை சாய்ந்தால் ஐந்து தலையணை. இருபது நிமிஷம் என்றால் நான்கு. இப்படியே இறங்கிக்கொண்டு போய், கடைசி வரை சாயாவிட்டால் ‘தலையணையற்றது’. தலையணையற்ற படத்தைப் பௌர்ணமி வாரத்தில் ஓட்டக்கூடாது. படப்பெட்டி மறுநாள் காலை பஸ்ஸிலேயே சென்னைக்குத் திரும்பிவிடும்.

நான்காம் விதிப்படி நான் தூக்கக் கலக்கத்தோடு வரக்கூடாது, அது படத்துக்குச் சலுகை. ஒன்பதாம் விதிப்படி நன்றாகத் தூங்கிவிட்டும் வரக்கூடாது, அது படத்துக்கு அநீதி. ஆகவே ஆறு மணி நேரம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று என் மனைவி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

“கல்யாணத்துக்கு முன்னாடி இன்னா சொல்லி என்னைப் பொண்ணு பாத்தீங்க?” என்றாள் வினோதினி, ஒரு கையில் அலாரம், ஒரு கையில் பேனா. “சினிமாவப் பத்தி டிவில பேசறவருன்னாங்க. இப்ப நான் நீங்க தூங்கறதுக்குக் கையெழுத்துப் போட்டுக்கினு கெடக்கறேன். ஒரு படம் நல்லா இருக்குதுன்னு நீங்க சொல்லி எத்தினி நாளாச்சு?”

“நிரந்தரம் ஆவட்டும். அப்புறம் பாரு, எப்படிப் பேசறேன்னு.”

“கிழிச்சீங்க,” என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் ஊர் மாறிப்போனதைச் சொல்லியாக வேண்டும். போஸ்டரில் ‘ஐந்து தலையணை வென்ற காவியம்!’ என்று போட்டார்கள். ஆபரேட்டர்கள் சண்டைக் காட்சியைத் தாங்களாகவே வெட்டினார்கள். ஒரு கொட்டாயில் இரண்டாவது ரீலையே மூன்று தடவை ஓட்டினார்கள், ஒரு ஆள் கேட்கவில்லை. ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்திருந்த நான்கு வெள்ளைக்காரர்கள் வந்து, முதுகை நேராக வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்து, இடைவேளையில் திரையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இந்த ஊரில் இவ்வளவு அமைதியான இடத்தைப் பார்த்ததில்லை என்றார்களாம்.

ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு இயக்குநரே வந்தார். கண் கலங்கியிருந்தது.

“சார், என் படத்துல நீங்க முப்பத்தெட்டு நிமிஷம் முழிச்சிருந்தீங்களாமே. எங்க சார் தப்புப் பண்ணேன்?”

“அந்த ஆஸ்பத்திரி சீன் கொஞ்சம் நல்லா இருந்துதுங்க,” என்றேன்.

“எடுத்துடறேன் சார்! இன்னிக்கே எடுத்துடறேன்!” என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அவருக்கு நன்றியில் வந்தது.

இப்படியே பதினோரு மாதம் முடியப்போகும்போது, மறு சித்திரைப் பௌர்ணமி நெருங்கியது. பொதுக்குழுவுக்கு இன்னும் ஒரு வாரம்தான். அப்போதுதான் சக்கரவர்த்தி டாக்கீஸுக்கு அந்தப் படம் வந்தது. யாரோ புதுப் பையன் எடுத்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. போஸ்டரைப் பார்த்ததுமே சக்கரவர்த்தி, “நாலுக்கு கம்மியாவாதுப்பா. ஸ்டாரே இல்ல, எவன் முழிச்சிருப்பான்?” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

நான் நடு வரிசையில் சாய்ந்து உட்கார்ந்தேன். தருமன் பின்னால் கடிகாரத்தை அழுத்தினான்.

கதை ஒன்றும் பெரிசு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்திக்கு ஒரு கடிதம் வருகிறது. வேலைக்குப் போன புருஷன் எழுதியது என்று நினைக்கிறாள். படிக்கச் சொல்லி மளிகைக் கடைக்காரரிடம் கொடுக்கிறாள். அவர் உள்ளே பார்த்துவிட்டு, அவள் முகத்தையும் பார்த்துவிட்டு, “எல்லாம் சௌக்கியம், சீக்கிரம் வரேன்னு எழுதியிருக்கான்” என்கிறார். வாத்தியாரிடம் கொடுக்கிறாள். அவர் வேறு ஒன்று படிக்கிறார். நர்ஸம்மா வேறு ஒன்று. ஒருத்தர் படித்தது இன்னொருத்தர் படித்ததோடு ஒத்துப்போகவில்லை. பாவம் பார்த்து ஆளாளுக்குப் பொய்யாகப் படிக்கிறார்கள் என்று புரிந்ததும் அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். யாரையும் கேட்கப்போவதில்லை. தானே எழுத்துக் கற்றுக்கொள்வது. பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கடிதத்தை அரிசிப் பானையில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாகக் கற்றுக்கொள்கிறாள்.

விளக்குப் போட்டதும்தான் எனக்குச் சுரணை வந்தது. சட்டைக் காலர் ஈரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தருமன் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஸ்டாப் வாட்ச் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“இப்ப இன்னா எழுதறதுங்க?” என்றான்.

அதுதான் கேள்வி. உள்ளதை எழுதினால் தலையணையற்றது. நாளைக் காலை பெட்டி பஸ் ஏறிவிடும். இந்தப் படத்தை இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர் மட்டுமே பார்த்திருப்போம். பொய் எழுதினால் படம் ஊரில் ஓடும், ஆனால் வெளியே தெரிந்தால் என் வேலை போகும். என்னடா இது, நல்ல படத்தை நல்ல படம் என்று சொல்ல ஒரு விமர்சகனுக்கு ஒரு வழிகூட இல்லையா? பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

“அஞ்சு போடு,” என்றேன்.

“தலை சாய்ஞ்ச நேரம்?”

“ரெண்டு நிமிஷம்.”

“கொறட்ட?”

“பயங்கரம்னு போடு.”

தருமன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான், என்னைவிட அவன் நேர்மையானவன்.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எட்டு மணிக்குத் தொள்ளாயிரம் பேர் பையும் போர்வையுமாக உள்ளே வந்தார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டிவனம் என்று எல்லா ஊர் ஜனமும் இருந்தது. உட்கார்ந்ததும் காலை நீட்டினார்கள். முதல் ரீலில் குறட்டை சீராகத்தான் இருந்தது. சக்கரவர்த்தி வெளியே டீ குடித்துக்கொண்டு அதைத் திருப்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது ரீலில் குறட்டை குறைந்தது. ஐந்தாவது ரீலில் சுத்தமாக நின்றது. “ஏய் எழுந்திரு, இதப் பாரு” என்று ஒருவரையொருவர் எழுப்புகிற சத்தம் கேட்டது.

சக்கரவர்த்தி டம்ளரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். இருட்டில் தொள்ளாயிரம் ஜோடிக் கண்கள் திறந்திருந்தன. மனிதர் இருபது வருஷம் கொட்டாய் நடத்தியும் அப்படி ஒரு காட்சியைக் கண்டதில்லை. அலறிக்கொண்டு ஆபரேட்டர் அறைக்குப் போய்ப் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். திரையில் அந்தப் பெண் அப்போதுதான் அரிசிப் பானைக்குள் கைவிட்டுக் கடிதத்தை எடுத்துப் பிரித்திருந்தாள்.

அடுத்து நடந்ததைக் கலவரம் என்று சங்கத்தின் தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். “கடுதாசில இன்னா இருந்துச்சு?” என்று தொள்ளாயிரம் பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். சக்கரவர்த்திக்குத் தெரியாது. ஆபரேட்டருக்குத் தெரியாது. அவரும் தூங்கிவிடுவது வழக்கம். தெரிந்த இரண்டு பேரும், நானும் தருமனும், மாட்டிக்கொள்வோம் என்று பின்வாசல் வழியாக நழுவிவிட்டோம். பெட்டியைப் பூட்டி அப்போதே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். ஜனம் நகரவில்லை. சிறப்பு பஸ்கள் காலியாகப் போயின.

மூன்றாம் நாள் சங்கக் கட்டடத்தில் விசாரணை. உத்தரவு முன்கூட்டியே தட்டச்சாகி, தலைவர் கையெழுத்தோடு மேசையில் கவிழ்த்து வைத்திருந்தது. சங்கத்தில் அதுதான் வழக்கம், நேரம் மிச்சம். குழுவில் பரசுராமனும் சக்கரவர்த்தியும் இன்னும் ஐந்து முதலாளிகளும். பாதிக்கப்பட்டவர் தரப்புச் சாட்சியாக வாணியம்பாடி சந்திரம்மாள் என்ற அம்மாவைக் கூட்டிவந்திருந்தார்கள். பூ வியாபாரம் செய்கிறவர். மூன்று நாளாக ஊருக்கே போகாமல் கொட்டாய் வாசலில் உட்கார்ந்திருந்தாராம்.

“அம்மா, உங்க தூக்கம் கெட்டுப்போச்சா?” என்று பரசுராமன் தொடங்கினார்.

“கெட்டுப்போச்சு. மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல.”

“பதிவு பண்ணிக்கங்க. யாரால கெட்டுச்சு?”

“அந்தப் பொண்ணாலதான்.”

“இல்லம்மா, இதோ நிக்கறாரே, இவரு அஞ்சு தலையணன்னு பொய்யா எழுதனதாலதான?”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ முழுசா பாத்தியா?”

“பாத்தேங்க.”

“ஒத்துக்கறான்!” என்று சக்கரவர்த்தி எழுந்தார். “முழுசா பாத்ததா அவன் வாயாலயே ஒத்துக்கறான்!”

“நீ சும்மா கிடப்பா,” என்றார் சந்திரம்மாள். “நீ சொல்லு தம்பி. அந்தக் கடுதாசில இன்னா எழுதியிருந்துச்சு? அதச் சொல்லு மொதல்ல. என் புருஷன் செத்த அன்னிக்குக்கூட நான் இப்படிக் கொட்டக் கொட்ட முழிச்சது இல்ல.”

நான் பரசுராமனைப் பார்த்தேன். அவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டினார். இருபத்திரண்டு பக்கத்திலும் கதை சொல்லக்கூடாது என்று ஒரு விதி இல்லை.

“பிரிச்சுப் படிக்கறாங்க,” என்றேன். “மொத வரியே மேல்விலாசம். அது அவங்க வீடு இல்லீங்க. அடுத்த தெரு. அவங்க புருஷன் எழுதனதே இல்ல. போஸ்ட்மேன் வீடு மாத்திக் குடுத்துட்டான். அதச் சொல்ல மனசு வராமதான் எல்லாரும் பொய்யா படிச்சிருக்கறாங்க.”

“அய்யய்யோ!” என்றது ஒரு குரல். அது குழுவில் மூன்றாவது முதலாளி.

“பன்னெண்டு வருஷம் ஆயிப்போச்சே. கிழிச்சுப் போட்டிருக்கலாம். அந்தம்மா கடுதாசிய எடுத்துக்கினு அடுத்த தெருவுக்குப் போறாங்க. அங்க ஒரு தாயி தனியா இருக்கறாங்க. அவங்களுக்கும் படிக்கத் தெரியாது. ‘இன்னாம்மா எழுதியிருக்குது, படி’ங்கறாங்க.”

“அப்புறம்?” என்றார் பரசுராமன். பதினோரு வருஷத் தலைவர், மேசை மேல் ஏறிவிடுகிற மாதிரி முன்னால் குனிந்திருந்தார்.

“புள்ள எழுதனதுங்க. ‘அம்மா, அடுத்த புதன்கெழம ஊருக்கு வரேன். கதவத் தொறந்து வை. தொறந்திருந்தா நீ என்னை மன்னிச்சிட்டன்னு நெனச்சுக்குவேன். மூடியிருந்தா அப்படியே திரும்பிப் போயிடறேன்.’ அதான் கடுதாசி.”

“அடிப்பாவி,” என்று சந்திரம்மாள் நெஞ்சில் கைவைத்தார். “சௌக்கியமா இருக்கேன்னு படிச்சிட்டு வந்திருக்கலாமே அவ?”

“படிக்கலாம்தாங்க. மத்தவங்கல்லாம் அவங்களுக்கு அப்படித்தான படிச்சாங்க. இவங்க உள்ளத உள்ளபடி படிச்சாங்க. அந்தத் தாயி எழுந்து போயிக் கதவத் தொறந்து வெச்சிட்டு வந்து ஒக்காந்தாங்க. அவ்ளோதான் படம்.”

சக்கரவர்த்தி மூக்கை உறிஞ்சினார். பரசுராமன் தொண்டையைச் செருமி, “இந்தப் பகுதி பதிவுல ஏற வேணாம்,” என்றார். பிறகு கவிழ்ந்திருந்த உத்தரவை என் பக்கம் தள்ளினார்.

“கண்ணாடி கொண்டாரலப்பா. நீயே படிச்சுடு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எவனும் இத இன்னும் படிக்கல. நானே படிக்காமதான் கையெழுத்துப் போட்டேன். நீ இன்னா படிக்கறியோ அதான் தீர்ப்பு வளவா. நான் மறுத்துப் பேசமாட்டேன்.”

அவருடைய கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது. எனக்குத் தெரிந்தது, நான் பார்ப்பதும் அவருக்குத் தெரிந்தது. தாளைத் திருப்பினேன். ‘நிரந்தரம் ஆக்கப்படுகிறார்’ என்று வாய்விட்டுச் சொன்னால் போதும். ஏழு பேரும் கைதட்டுவார்கள். வினோதினி அடுப்படிக்குள் ஓட வேண்டியது இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சந்திரம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேற்படி மதிப்பீட்டாளர் வளவன்,” என்று படித்தேன், “பணி நேரத்தில் வேண்டுமென்றே விழித்திருந்தும், தான் விழித்ததை மறைத்தும், பொதுமக்கள் தொள்ளாயிரம் பேர் விழிப்பதற்கு உடந்தையாக இருந்தும், சங்கத்தின் மாண்புக்கும், சங்கத்தைச் சார்ந்த திரையரங்குகளின் மாண்புக்கும், அவற்றின் மின்விசிறிகளின் மாண்புக்கும்...”

உள்ளது உள்ளபடி, ஒரு சொல் விடாமல் படித்தேன். இரண்டு பக்கம். முதல் பக்கம் முடிவதற்குள் சந்திரம்மாளின் தலை சுவரில் சாய்ந்தது. கதையின் முடிவு தெரிந்துவிட்டதல்லவா, மூன்று நாள் தூக்கமும் சேர்ந்து வந்துவிட்டது. வாய் திறந்தது. குறட்டையும் தொடங்கியது. உள்ளே கதவோரம் நின்றிருந்த தருமன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தை அழுத்தினான்.

“நாலு நிமிஷங்க,” என்றான். “அஞ்சு தலையண.”

நான் ‘இத்துடன் பணிநீக்கம் செய்யப்படுகிறார்’ வரை படித்துத் தாளை மடித்து மேசையில் வைத்தேன். பரசுராமன் தலை நிமிரவில்லை.

“இன்னாப்பா, எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். எதைக் கேட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

“ஆர்டர் நல்லா இல்லீங்க. ரொம்ப இழுவை,” என்றேன். “அந்தப் படம் நல்லா இருந்துச்சுங்க.”

சந்திரம்மாள் எழுந்துவிடாமல் கதவை மெதுவாகத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். மூட மனசு வரவில்லை, திறந்தபடியே விட்டுவிட்டு வினோதினியிடம் சொல்வதற்கு வீட்டுக்கு நடந்தேன்.